பந்தியும் கைத்தொழிலும்

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

வேற்றுமை கண்டு வெறுப்புக் கொள்ளாதிருக்கக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பிற ஊர்களில் இது வெறும் பேச்சுப் பொருளாகலாம். மார்டள்ளியிலோ இது நாள்தோறும் எழும் கேள்வி. கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த கொள்ளேகால் வட்டம், 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று சாமராசநகர் மாவட்டம் பிரிந்தது. எல்லைகள் மாறிய இம்மண்ணில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வளர்கின்றனர்.

வெறுப்பு என்ன செய்யும் என்பதை நாம் அறியாதவரல்லர். காவிரி நீர் பற்றிய இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன; தமிழ்நாட்டில் கன்னடர் சிலரும் துன்புற்றனர். கல்லெறிந்த கைகளும் ஒரு காலத்தில் பலகை பிடித்து எழுதிய கைகளே அல்லவா? அவ்விளமையில் அவற்றிற்கு நாம் எதைப் பழக்கினோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குழந்தை உலகை முதலில் அறிவது நாவினாலும் விரலினாலும். ஆதலின் உணவும் கைத்தொழிலுமே அதற்கு ஏற்ற பாடங்கள். ஆயினும் உணவு இணைக்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். வ. வே. சு. ஐயர் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இடப்பட்ட செய்தி 1920களில் தமிழகத்தையே உலுக்கியது. நாட்டுப்பற்றை ஊட்ட எழுந்த நிறுவனத்திலே, பந்தி வேறொரு பாடத்தைக் கற்பித்துவிட்டது. இங்கோ, பள்ளிகளில் அளிக்கும் பகலுணவுத் திட்டத்திற்கே ‘அட்சர தாசோக’ என்று பெயர். தாசோகம் என்பது, பணிவோடு பிறர்க்குப் படைத்து உடனுண்ணும் சரணர் நெறியைக் குறிக்கும் சொல். அப்பந்தியில் யார் சமைத்தார், யார் அருகில் அமர்ந்தார் என்று கேட்குமாறு பிள்ளைகளைத் தூண்டாதிருப்பது பெற்றோரின் முதற்கடமை.

தைத் திங்கள் முதல் நாளில் நாம் பொங்கலிடுகிறோம். நம் அண்டை வீட்டுக் கன்னடச் சிறுமியர் எள், வெல்லம், கொப்பரை, கடலை கலந்து வீடுதோறும் வழங்குகின்றனர். எள்ளும் வெல்லமும் உண்டு நல்ல சொல் பேசுவோம் என்பது அவர்தம் வழக்கு. அவர்கள் ‘முத்தே’ என்பது நம் கேழ்வரகுக் களியே. இதை நூறு முறை சொல்வதினும், ஒரு முறை இருவீட்டுக் குழந்தைகளும் ஒரே துடுப்பைப் பிடித்துக் கிண்டுவது மேல்.

ஒன்று கருதுக. எல்லாரும் எல்லாவற்றையும் உண்ண வேண்டுவதில்லை. ஊன் உண்ணாத குழந்தையும் உண்ணும் குழந்தையும் முகஞ்சுளிக்காது அருகருகே அமர்வதே நாம் வேண்டும் பண்பு. ஒருவரை ஒருவர் போல் ஆக்குவது நம் நோக்கமன்று.

கைத்தொழிலிலோ அத்தடையும் இல்லை. மலை மாதேசுவர மலைப்பகுதியில் வாழும் சோலிகர், அயல்நாட்டினின்று வந்து நம் காட்டை நெருக்கும் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, பட்டை நீக்கி, வளைத்து, நாற்காலி முதலியன செய்கின்றனர். கொள்ளேகால் நெசவாளர் பட்டு நெய்கின்றனர். பிறரைத் தாழ்வாக எண்ணும் சிறுவன், சோலிகர் ஒருவரின் அருகில் அமர்ந்து, வளைக்கும்போது தண்டு தன் கையில் ஒடிவதையும் அவர் கையில் இசைவதையும் காண்பானாயின், அறிவு பல வகைத்து என்பதை அக்கணமே உணர்வான். 1937இல் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பயிலும் மாணவர் புத்தகப்பையின்றிப் பத்து நாட்கள் உள்ளூர்த் தொழிலாளரிடம் பயிலலாம் என்கிறது.

எனவே சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இரண்டு. வரும் பொங்கலன்று கன்னடக் குழந்தைகளையும் சோலிகக் குழந்தைகளையும் அழைத்து, நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமரச் செய்யுங்கள். சோலிகப் பெரியவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, உரிய ஊதியமும் மதிப்பும் அளித்து, நம் பிள்ளைகளுக்கு முடைதல் கற்பியுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். நம் பிள்ளைகள் தமிழை மறவாமலும் அயலாரை வெறுக்காமலும் வளர இதுவே வழி.