எபாக்சி மண்ணும் நம் அணிகலன் தொழிலும்



கல்வியின் மேன்மையை எனக்கு முன் பேசியோர் நன்கு விளக்கினர். நான் கைத்தொழில் கற்பிப்பவன். தோடும் பதக்கமும் செய்ய உதவும் ஒரு மண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அணிகலன் நமக்குச் சிறு செய்தியன்று. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளுள் முதலாவது, பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது என்பதே. 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதனைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அத்தடையைச் சுமந்த பாட்டிமாரின் வழிவந்த பெண்கள் இன்று தாமே அணி செய்து விற்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து மூதாட்டியர் காதில் தொங்கிய தண்டட்டியை அறிவீர்கள். மெல்லிய பொன் தகட்டின் உள்ளே இருப்பது அரக்கு. எபாக்சி மண்ணை இக்காலத்து அரக்கு எனலாம். ஆனால் அரக்கு சுட்டால் மீண்டும் இளகும். இதுவோ ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். 1930களில் சுவிட்சர்லாந்தில் பல் கட்டும் பொருளைத் தேடிய பியர் காஸ்டான் என்பவர் இவ்வகைப் பிசினின் முன்னோடி. குழாய் ஒழுகினால் அடைக்கிறோமே எம்-சீல், அதுவும் இவ்வினமே.

விளாச்சேரிப் பொம்மையின் மண் நீர் வற்றிச் சுருங்கும், சூளையும் வேண்டும். இதில் வற்றுவதற்கு நீரில்லை. பிசினும் இறுக்கியும் தம்முள் வேதிவினை புரிந்தே இறுகுகின்றன. ஆகவே பதித்த கல் பதித்த இடத்திலேயே நிற்கும். பித்தளை அடித்தட்டை மட்டும் முன்னதாக உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போக்கிவிட வேண்டும்.

இரு பகுதியும் சம அளவு என்று உறையில் இருந்தால் சம அளவே. வண்ணக் கீற்று ஒன்றும் தெரியாதவரை பிசைய வேண்டும். தொடக்கத்தில் இறுக்கியை மிச்சப்படுத்த எண்ணினேன். மறுநாள் வாங்க வந்த அம்மையாரின் விரலிலேயே தோடு வளைந்தது. அந்த வெட்கம் இன்னும் எனக்குண்டு. சித்திரை வெயிலில் இது விரைந்து இறுகும். நெல்லிக்காயளவுக்கு மேல் ஒரு நேரத்தில் பிசையாதீர்கள்.

இனிச் சொல்வதை மறவாதீர்கள். வெறுங்கையால் பிசையக் கூடாது. இறுகாத பிசினும் இறுக்கியும் தோலில் ஒவ்வாமை உண்டாக்க வல்லவை. அது ஒருமுறை பற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் விடாது. பிறகு தொழிலையே விட நேரும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். முழுதும் இறுகிய பின்னரே, நீர் தொட்டுத் தேய்த்து மெருகிடுங்கள். தூசி மூச்சில் ஏறலாகாது. நம் முன்னோர் தோல் பதனிட்டும் சாக்கடை இறங்கியும் உடலைக் கொடுத்தது போதும்.

விலையைப் பற்றி ஒன்று. தெற்காவணி மூல வீதியில் நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று தனியே எழுதுகிறார்கள்; நாமும் பேசாமல் கொடுக்கிறோம். நம் பெண்களோ மண்ணின் விலையையும் கல்லின் விலையையும் கூட்டி, அதன்மேல் பத்து ரூபாய் வைத்துக் கூசி நிற்கிறார்கள். செலவிட்ட மணிநேரத்தைக் குறித்து வைத்து, அதற்குரிய கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

பழகுவதற்கு மண்ணும் கையுறையும் பின்புற மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.