வண்டி ஓடத் தண்டவாளம் வேண்டும்



வறுமையோடு போராடும் நாடொன்றுக்கு அதிவிரைவுப் புகையிரதம் அவசியந்தானா? நம்மிடையே அடிக்கடி எழும் இக்கேள்விக்கு விடை காண, அயலிலுள்ள பாரத நாட்டின் அனுபவத்தை ஆராய்வோம்.

சென்னைப் பெரம்பூரிலே 1955 ஆம் ஆண்டு பண்டித நேரு திறந்துவைத்த பெட்டித் தொழிற்சாலை, தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டே இயங்கியது. அதே தொழிற்சாலை 2018 இல், பதினெட்டே மாத உழைப்பில், ஏறத்தாழ 100 கோடி இந்திய ரூபா செலவில், புதுவண்டி ஒன்றைத் தானே வடித்தெடுத்தது. அதுவே 'வந்தே பாரத்'. 2019 பெப்ரவரி 15 ஆம் நாள் புதுடில்லிக்கும் காசிக்கும் இடையே அது ஓடத் தொடங்கிற்று.

முன்னின்று இழுக்கும் தனி இயந்திரம் இதற்குக் கிடையாது. 16 பெட்டிகளில் பாதியின் அடியிலே மின்மோட்டார்கள் பூட்டப்பட்டுள்ளன. ஆதலால் விரைந்து வேகம் பிடிக்கின்றது. தரிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றது. இதனைச் செய்து முடித்த தொழிலாளரின் திறமையை நாம் மனமுவந்து பாராட்டுகின்றோம்.

ஆனால், அன்பர்களே, கணக்கைப் பாருங்கள்! சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீற்றரை எட்டிய வண்டி இது. காசிக்குள்ள 759 கிலோமீற்றரைக் கடக்க அதற்குப் பிடித்ததோ 8 மணி நேரம். சராசரி 95 தான்! குறை வண்டியிலா? இல்லை. பாதையிலே வளைவுகள், ஒரே தண்டவாளத்தில் முன்செல்லும் சரக்கு வண்டிகள், இடையிடையே கடவைகள். 2022 ஒக்டோபரில் குஜராத்தில் எருமைகள் மோதி இவ்வண்டியொன்றின் மூக்கே உடைந்தது. எருமையைக் குறைகூறிப் பயனென்ன? வேலியில்லாத பயிருக்கு என்ன நேரும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

வேகத்திலும் பெரியது உயிர். 2023 யூன் 2 ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் அருகே, சைகை இணைப்பில் நேர்ந்த தவறினால், விரைவு வண்டியொன்று நின்றிருந்த சரக்கு வண்டியிலே மோதியது; 290 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோதியது வந்தே பாரத் அன்று. எனினும் அது புகட்டிய பாடம் எல்லா வண்டிகளுக்கும் உரியதே. புதுவண்டியின் திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. பழைய சைகைக் கம்பியைச் செப்பனிடுபவனுக்கோ ஒரு கைதட்டலும் இல்லை!

இன்னொரு கேள்வி: யாருக்காக இந்த வேகம்? வந்தே பாரத்தில் முன்பதிவின்றி ஏறும் ஏழைக்கு இடமில்லை. எல்லாம் குளிரூட்டிய பெட்டிகள். இக்குறையை உணர்ந்தே, குளிரூட்டாத 'அமிர்த பாரத்' வண்டிகள் 2023 டிசெம்பரில் தொடங்கப்பட்டன. முன்னும் பின்னும் இயந்திரம் பூட்டிய அவ்வண்டியில் முன்பதிவற்ற பெட்டிகளும் உண்டு. இதுவே நேர்மையான வழி என்பது நமது துணிபு. வைத்தியரின் நேரத்துக்கு விலை உண்டென்றால், கூலியாளின் நேரத்துக்கும் உண்டு.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. 1990 இல் நமது வடபாதை அறுந்தது. யாழ்ப்பாணம் மீண்டும் புகையிரதத்தின் கூவலைக் கேட்க 2014 ஒக்டோபர் வரை காத்திருந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் உலகில் வண்டிகளுக்கா பஞ்சம்? பாதைதான் இல்லை! பின்னர் அதே பெரம்பூரில் செய்த வண்டிகள் 2019 முதல் நமது வடபாதையிலும் ஓடின.

ஆகவே, விரைவு வண்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேண்டும்! அதற்கு முன்னே உறுதியான தண்டவாளமும், பிழையற்ற சைகையும், காவலுள்ள கடவையும் வேண்டும். ஆட்சியாளர் எத்தனை வேகமான வண்டியைக் கொண்டுவந்தார் என்று மட்டும் கேளாதீர்கள். எத்தனை மைல் பாதையைச் செப்பனிட்டார், எத்தனை ஏழைகளுக்கு இடம் ஒதுக்கினார் என்றும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் மக்களுக்கே நல்ல வண்டி வந்து சேரும்.