ஒரு கண்வில்லைக்கு ஏன் மூன்று விலை?

(முரசுமோட்டை அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அங்கத்தவர் ஒருவரின் தாயாருக்குக் கண்ணில் வெண்புரை. மலையகத்தில் கொழுந்து பறித்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர். இப்போது அடுப்படியில்கூடத் தடவித்தான் நடக்கிறார். சத்திரசிகிச்சையில் வைக்கும் கண்வில்லையின் விலையைத் தனியார் இடங்கள் மூன்றில் விசாரித்தோம். மூன்று இடத்திலும் மூன்று விலை. சட்டைப் பொத்தான் அளவுள்ள பொருளுக்கு ஏன் இப்படி?

நியாயமான காரணங்களும் உண்டு. ஆயுள் முழுக்கக் கண்ணுக்குள் இருக்கப்போவதால் கிருமியில்லாமல் செய்து, சோதித்துத் தர வேண்டும். மடிக்கக்கூடிய வில்லைக்கு விலை கூட. அதை வைக்கச் சிறிய வெட்டே போதும். வெளிநாட்டுப் பொருள் என்றால் டொலர் ஏற விலையும் ஏறும். 2022இல் அதை எல்லோரும் பட்டோம்.

ஆனால் கம்பனி, இறக்குமதியாளர், முகவர், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு கையும் தன் இலாபத்தை ஏற்றுகிறது. எந்தக் கை எவ்வளவு ஏற்றியது என்று நமக்குத் தெரிவதில்லை. நோயாளி பேரம் பேசமாட்டார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

குறைக்க முடியாத விலையா இது? மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியினர் 1992இல் அரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அப்போது 100 டொலர் அளவில் விற்ற வில்லையை 10 டொலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இதயக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு இந்தியாவில் லட்சம் ரூபாவுக்கு மேல் வாங்கினார்கள். 2017 பெப்ரவரியில் அந்நாட்டு அரசு 29,600 ரூபா என்று உச்சவிலை வைத்தது. நம் நாட்டிலும் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் சேனக பிபிலே, மருந்துகளை மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கி விலையைக் குறைத்துக் காட்டினார்.

தோட்டத்தில் நாம் படித்த பாடமும் இதுதான். தனித்தனியாகக் கேட்டால் துரை சொன்னதுதான் சம்பளம். சேர்ந்து கேட்டால்தான் பேச்சுவார்த்தை.

ஆகவே, முதலில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போங்கள். வில்லையோ வேறு உபகரணமோ வெளியில் வாங்கச் சொன்னால் அதன் பெயரையும் வகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். அந்தச் சீட்டுகளைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளோடு மருத்துவ உபகரணங்களையும் ஒழுங்குபடுத்துகிறது. அதைக் காட்டி, கையில் சீட்டுகளோடு உச்சவிலை கேட்போம்.

அந்தத் தாயாரின் பெயரை அரச ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறோம். முறை வரும்வரை கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?