உப்பு வாரும் கையும் தலை வாரும் கையும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து 'லட்சம், கோடி' என்று கணக்குச் சொல்லியே எங்களை மிரட்டி வைத்திருக்கும் எதிரணி நண்பர்களே! எங்கள் அணித் தோழர்களே! பொங்கல் வேலையை முடித்த கையோடு பிள்ளைகுட்டிகளை அழைத்துக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் மரக்காணத்துப் பெருமக்களே!

'குழந்தைகளின் முகத்தில் வெளிச்சம் சேர்ப்பவை பெரிய திட்டங்களா? சின்னச் சின்ன உதவிகளா?' இதுதான் தலைப்பு. சின்னச் சின்ன உதவிகளே என்று பேச வந்திருக்கிறேன். நடுவர் ஐயா எனக்குக் கொடுத்திருக்கிற நேரமும் சின்னதுதான். அவரே நம்ம பக்கம்தான் இருக்கார்னு நினைக்கிறேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மா காலை உணவுத் திட்டத்தைச் சொன்னாங்க. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். 'இதை எந்தத் தனி மனுஷனால செய்ய முடியும்?'னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. முடியாதும்மா. திட்டம் வேண்டாம்னு நாங்க சொல்லவே இல்லை. பிள்ளைகள் சாப்பிடுற தட்டைத் தட்டிவிடுற பாவத்துக்கு எங்க அணி வராது. நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் திட்டமெல்லாம் எங்கே பிறந்தது?

கொஞ்சம் பின்னாலே போய்ப் பாருங்க. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடிவு செய்தது. செலவு எவ்வளவு? ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. ஓர் அணாவில் ஆரம்பித்த கதை ஐயா இது!

அப்புறம் 1956. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம். ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசான்னு கணக்கு வெச்சாங்க. அதிலே ஆறு பைசா அரசாங்கம் கொடுக்கும். மீதி நாலு பைசா? ஊர் கொடுக்கணும். ஊர் என்றால் யாரு? நீங்களும் நானும்தான். பத்துப் பைசாவிலே நாலு பைசா சின்ன உதவி. அந்த நாலு பைசா வராவிட்டால், திட்டம் காகிதத்தில் இருக்கும். சோறு தட்டுக்கு வராது. (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 'இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?' என்று பலர் தயங்கிய திட்டம். எம்.ஜி.ஆர். ஏன் பிடிவாதமாக நின்றார்? அவரே சொல்லியிருக்கிறார். அழ மட்டுமே தெரிந்த வயசு. வீட்டிலே பட்டினி. அப்போ பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க கஞ்சி கொடுத்தாங்க. அது கிடைக்காமல் போயிருந்தால் எங்கள் குடும்பமே உயிரோடு இருந்திருக்காது என்று சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பாத்திரம் கஞ்சி. அந்த அம்மா அதுக்குப் போர்டு வைக்கலை, போட்டோ எடுத்துக்கலை. நாளைக்கு இந்தப் பிள்ளை முதலமைச்சராகும்னு ஜோசியம் பார்த்தும் ஊத்தலை. பசிச்ச முகத்தைப் பார்த்தாங்க, ஊத்தினாங்க. அந்தக் கஞ்சி ஐம்பது, அறுபது வருஷம் கழிச்சு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறாச்சு. எதிரணி நண்பர்களே, நீங்க கோட்டையைக் காட்டுறீங்க. நான் கோட்டைக்குள்ளே கொதிச்ச அந்தக் கஞ்சியைக் காட்டுறேன்! (பலத்த கைதட்டல்)

சரி, பழைய கதை போதும். இந்த ஊருக்கு வருவோம். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. கீழே உப்புத் தண்ணி, மேலே சூரியன், கண்ணெதிரே வெள்ளைவெளேர்னு கூசுற வெளிச்சம். அதனால் விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடறாங்க. பிள்ளை கண் முழிக்கும்போது அம்மா வீட்டில் இல்லை.

இன்று மதியம் உப்பளத்துப் பக்கம் நடந்து போனேன். வேலை முடிந்து வந்த ஒரு தாயிடம், "பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்குன்னு சொல்றீங்களே, காலையில யாரும்மா பார்த்துக்கறது?" என்று கேட்டேன். அவங்க சொன்னாங்க: "சாப்பாடு பள்ளிக்கூடத்துல போட்டுடறாங்க சார். ஆனா தலை வாரி அனுப்பணுமே? எதிர் வீட்டு ஆயாதான் ரெட்டை ஜடை போட்டு, ரிப்பன் கட்டி அனுப்புது. நான் உப்பு வாரப் போயிடறேன், அது தலை வாரி வுட்டுடுது."

நடுவர் அவர்களே! நான் முப்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். 'வாரு' என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு முழுப்பொருள் கிடைத்தது. தாய் உப்பு வாருகிறாள். ஆயா தலை வாருகிறாள். வள்ளல்களைப் பற்றிச் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? 'வாரி வழங்கினான்' என்கிறோம். அந்த ஆயாவும் வாரி வழங்கியவள்தான் ஐயா! (கைதட்டல்) கால் மணி நேரத்தையும் ஒரு சீப்பையும் தவிர அந்தக் கிழவியிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பின்னாத தலையோடு போகும் பிள்ளை வகுப்பில் கடைசி வரிசையைத் தேடும். ரிப்பன் கட்டிய பிள்ளை முன்வரிசையில் உட்காரும். தலைக்கு ரிப்பன் கட்டச் சொல்லி எந்த அரசாணையிலாவது உத்தரவு இருக்கா? இருந்தால் காட்டுங்கள், நான் இப்பவே இறங்கிடறேன்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர், 'முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி, அதுவல்லவா கொடை' என்றார். ஐயா, அதே ஏழு வள்ளல்களையும் சொல்லுகிற சிறுபாணாற்றுப்படையை நானும் படித்திருக்கிறேன். அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பாட்டுடைத் தலைவன், இந்த ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடன். அந்தப் பாட்டிலே ஒரு வறுமை வருது. பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போட உப்பு இல்லை. உப்பில்லாமல் வெந்த கீரையை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு உண்கிறாள்.

கவனிங்க! பசியை விடப் பெரிய வேதனை வெட்கம். அந்த வீட்டுக்குச் சோறு வேண்டும். கதவைத் திறந்து வைக்கிற தைரியமும் வேண்டும். நல்லியக்கோடன் என்ன செய்தானாம்? பொற்கலத்தில் விருந்து வைத்தான், சரி. அத்தோடு போகவில்லை. அவர்கள் விரும்பியது எது என்று பார்த்துப் பார்த்து, தானே பக்கத்தில் நின்று உண்ணச் செய்தான். பொற்கலம் பெரிய கொடை. பக்கத்தில் நின்றானே, அதுதான் சின்ன உதவி. பாணனின் வெட்கத்தைப் போக்கியது எது? நீங்களே சொல்லுங்க!

இந்தப் பக்கத்தில் நிற்கிற குணம் இல்லாவிட்டால் பெரிய கொடையும் வீணாகும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. உதவி லாரி லாரியாக வந்தது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. எடுக்க ஆள் இல்லை. அனுப்பியவர்கள் துணி மூட்டையைப் பார்த்தார்கள். போட்டுக்கொள்ளப் போகிற முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய பொருளைக் கொடுக்கவும் ஒரு முறை இருக்கு. எனக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்க வீட்டில் வசதி இல்லை. எங்க தெருவிலே ஒரு அக்கா, தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தாங்க. சும்மா கொடுக்கலை. புதுசாப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அதிலே மணிமணியான எழுத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தாங்க. வகுப்பிலே ஒருத்தனுக்கும் அது பழைய புத்தகம்னு தெரியாது. புத்தகத்தோட விலை சில ரூபாய் இருக்கும். அந்த லேபிளுக்கு விலை போடுங்க பார்க்கலாம்! அதைக் கொடுத்தது எனக்குப் படிப்பு மட்டும் இல்லை, மரியாதை. (கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, திட்டம் வயிற்றை நிரப்பட்டும், வாழ்க! முகம் மலர இன்னொரு மனுஷன் வேண்டும். எதிர் வீட்டு ஆயா வேண்டும். தெருவிலே ஒரு அக்கா வேண்டும். அண்டா நிறையக் குழம்பு வைத்தாலும் அதில் விழுகிற உப்பு ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடி விழாத குழம்பை யாராவது வாயில் வைப்போமா? ஊருக்கே உப்புக் கொடுக்கிற மரக்காணத்து மக்களுக்கு இதை நான் விளக்கணுமா?

நாளைக் காலையில் உங்கள் தெருவில் ஒரு பிள்ளை தலை வாராமல் நின்றால், ஒரு சீப்பை எடுங்கள். எங்கள் அணி அப்போதே ஜெயித்துவிடும். 'சின்னச் சின்ன உதவிகளே' என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமைகிறேன். (பலத்த கைதட்டல்)