விண்ணப்பத்தில் இல்லாத சலவை இயந்திரம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த உரைக்கு அழைத்தபோது, "நீங்கள் டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நீரிழிவைப் பற்றி இங்குள்ள வைத்தியர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்லுவார்கள். அதனால் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம்: பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிற வேலை. இக்கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்த மூவர் இன்று அவுஸ்திரேலியாவில் இருக்கிறோம். ஒருவர் வைத்தியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் ஆசிரியை. மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் வேலை மூவருடையது, பிழைகளும் மூவருடையவை. ஆகையால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

அவுஸ்திரேலியாவின் பூர்வீகக் குடிகள் தமக்கான வைத்திய நிலையங்களைத் தாமே நடத்துகிறார்கள். முதலாவது நிலையம் 1971 இல் சிட்னியின் றெட்பேர்ண் பகுதியில், தொண்டர்களின் உதவியோடு தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 140 இற்கும் மேற்பட்ட அமைப்புகள் இப்படி இயங்குகின்றன. அந்தந்த ஊர் மக்களே நிர்வாகசபையைத் தெரிவு செய்வார்கள். எங்களில் வைத்தியராக இருப்பவர் மத்திய பாலைவனப் பக்கம் அப்படியான ஒரு சிறிய நிலையத்தில் சில காலம் வேலை செய்தார். அங்கே மருந்து அலுமாரியைவிடப் பெரிதாக இருந்தது கோவை அலுமாரி. ஒரு தாதியின் சம்பளத்தில் பாதி ஒரு திணைக்களத்திடமிருந்து வரும், மீதி இன்னொன்றிடமிருந்து. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி ஒப்பந்தம், தனி அறிக்கை, தனிக் கணக்காய்வு. இந்த நிலைமையைப் பற்றி 2009 இல் அங்கே ஓர் ஆய்வறிக்கையே வெளிவந்தது. அதன் தலைப்பின் பொருள் "மிதமிஞ்சிய சுமை".

எழுதத் தெரிந்த மூன்று பேர் இருக்கிறோமே, இரவில் இரண்டு மணித்தியாலம் செலவழித்தால் என்ன என்று தொடங்கினோம். இங்கிலீசில் எங்களுக்குத் திறமைச் சித்தி இருந்தது. அது போதும் என்று நினைத்தோம்.

எங்கள் கதைக்கு முன், அந்த நாட்டில் எல்லோரும் அறிந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு மேற்கே 500 கிலோமீற்றருக்கும் அப்பால் கின்ரோர் என்ற ஊர் இருக்கிறது. பின்ருபி மக்களின் ஊர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இரத்தச் சுத்திகரிப்புக்காக ஊரை விட்டு அலிஸ் ஸ்பிறிங்ஸுக்குப் போய்விட வேண்டும். கிழமைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலைந்து மணித்தியாலம் இயந்திரத்தோடு இருக்க வேண்டிய சிகிச்சை; ஆகவே போனவர்கள் திரும்பி வந்து வாழ வழியில்லை. பேரப்பிள்ளைகளையும் சொந்த மண்ணையும் பிரிந்து, நகரத்திலேயே பலர் இறந்தார்கள். ஊரிலேயே இயந்திரம் வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்களிடம் ஓவியம் இருந்தது. கின்ரோரிலும் கிவிர்குராவிலும் ஆண்கள் சேர்ந்தும் பெண்கள் சேர்ந்தும் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். 2000 ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்தில் நடந்த ஏலத்தில் ஒரு மில்லியன் டொலருக்கும் மேல் சேர்ந்தது. 2004 இல் கின்ரோரிலேயே சுத்திகரிப்பு தொடங்கியது. அமைப்புக்கு அவர்கள் தங்கள் மொழியில் வைத்த நீண்ட பெயரின் பொருள், குடும்பங்கள் எல்லாவற்றையும் சுகப்படுத்துதல் என்பது. அலிஸ் ஸ்பிறிங்ஸில் உள்ள அவர்களின் ஊதா நிற வீட்டை வைத்து மற்றவர்கள் "ஊதா வீடு" என்பார்கள்.

வைத்தியராகப் பார்த்தால் இது இலேசான காரியம் அல்ல. ஒருவருக்கு ஒரு தடவை சுத்திகரிக்கவே ஏறத்தாழ 120 லீற்றர் தூய நீர் இயந்திரத்துக்குள் போக வேண்டும். பாலைவனத்துக் கிணற்று நீரை அந்த அளவுக்குச் சுத்தமாக்க அதைவிடக் கூடுதலான நீர் வேண்டும். இதற்கு ஒரு நிரந்தரமான கொடுப்பனவு, அதாவது தொலைதூர ஊர்களில் தாதியர் செய்யும் சுத்திகரிப்புக்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் ஒரு தனி இலக்கம், 2018 நவம்பரில்தான் வந்தது. ஏலத்துக்கும் அதற்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள். அவ்வளவு காலமும் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கித்தான் நடத்தினார்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் ஓவியத்தைத்தான் ஞாபகத்தில் வைத்திருப்பார்கள். எங்கள் கணக்காளருக்கு மட்டும் அந்தப் பதினெட்டு ஆண்டு விண்ணப்பங்கள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

இனி எங்கள் கதை. அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை. நிர்வாகசபையில் இருந்த மூதாட்டியின் பெயரையும் சொல்லமாட்டோம். அவர் இறந்துவிட்டார், இறந்தவரின் பெயரை உச்சரிப்பதை அங்கே பல சமூகங்கள் தவிர்ப்பார்கள்.

முதல் கூட்டத்திலேயே அவர் ஒன்று கேட்டார். துணி துவைக்கும் இயந்திரம், பெரிசாக, போர்வை துவைக்கக் கூடியதாக. நாங்கள் தலையாட்டினோம், கொப்பியிலும் எழுதினோம். ஆனால் அப்போது திறந்திருந்த நிதி நீரிழிவுக் கல்விக்கானது. முடிவுத் திகதி ஒரு வெள்ளிக்கிழமை, கன்பரா நேரம் மாலை ஐந்து மணி. இரண்டு சனி ஞாயிறில் எழுதி முடித்தோம். நோய், பள்ளிக்கு வராத பிள்ளைகள், குடி, வேலையின்மை என்று கிடைத்த எல்லா எண்களையும் அடுக்கினோம். கஷ்டம் எவ்வளவு கூடவோ புள்ளி அவ்வளவு கூட என்பது எங்கள் கணிப்பு.

அனுப்புவதற்கு முதல்நாள் அதை நிர்வாகசபையில் வாசித்தோம். மூதாட்டிக்குப் பக்கத்தில் இருந்து அவரின் பெறாமகள் மொழிபெயர்த்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "இந்த ஊர் எங்கை இருக்கு?"

பகிடியாகக் கேட்கவில்லை. எங்களுக்கு நேரம் இல்லை என்று சொல்லி அப்படியே அனுப்பினோம்.

பணம் கிடைத்தது. விருந்தே வைத்தோம். பிறகுதான் தெரிந்தது, கல்வியாளர் தங்குவதற்கு அந்த ஊரில் வீடு இல்லை. வீட்டுக்கு நாங்கள் பணம் கேட்கவும் இல்லை, அந்த நிதியம் அதற்குக் கொடுக்கவும் மாட்டாது. வந்தவர் ஏழு மாதத்தில் போய்விட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. அதை நிரப்பியவள் அந்தப் பெறாமகள். அவள் நிலையத்தின் சுகாதாரப் பணியாளர். நோயாளிகளைப் பார்க்க வேண்டிய நாட்களில் கட்டங்களை நிரப்பினாள். இரண்டாம் ஆண்டு முடிவில் செலவாகாத பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அடுத்த விண்ணப்பங்களில் "முன்னைய நிதியை முழுமையாகப் பயன்படுத்தினீர்களா" என்ற கேள்விக்கு அந்த ஊர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் சிட்னியில் இருந்தோம்.

இதை ஏன் இந்த மண்டபத்தில் சொல்லுகிறோம் என்றால், 1995 ஒக்ரோபர் 30 எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. தென்மராட்சியில் மரத்துக்குக் கீழே படித்தோம். படிவத்தோடு வந்தவர்கள் எத்தனை பாய், எத்தனை சட்டி என்று எழுதினார்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறோமே, மாதாமாதம் எங்களுக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை. எங்கள் ரீச்சர் ஒருவர் பழைய சேலைகளைக் கிழித்துத் தந்தார். அதை மறக்காதவர்கள்தான், பத்துப் பதினைந்து வருடம் கழித்துச் சலவை இயந்திரத்தைக் கொப்பியில் எழுதி மூடி வைத்தோம்.

இத்தனைக்கும் அவர் கேட்டது சரியான வைத்தியம். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், துவைக்க முடியாத போர்வைகள், சிரங்கு. சிரங்கைச் சொறிந்தால் புண், புண்ணில் ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமி. அந்தக் கிருமியால் சிறுநீரகமும் பழுதாகலாம். தொண்டை அழற்சியால் மட்டும் வருவதாக நாங்கள் படித்த வாதக் காய்ச்சல், தோல் புண்ணிலிருந்தும் வரக்கூடும் என்ற கருத்து இப்போது வலுத்து வருகிறது. வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்தால் அந்தப் பிள்ளைக்கு மாதந்தோறும் பெனிசிலின் ஊசி, அதுவும் ஆண்டுக்கணக்கில். அவுஸ்திரேலியாவில் இந்த நோய் வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் பூர்வீகக் குடி மக்கள். மூன்று ஊசிக்கு அழுத பிள்ளையைப் பிடித்திருந்த அந்த அம்மம்மாவுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

மறுபடி போனோம். இந்த முறை கணினியைத் திறக்காமல் நான்கு நாள் இருந்தோம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினோம். முதல் நிதியம் நிராகரித்தது: சலவை சுகாதாரத்துக்குள் வராதாம். இரண்டாவது, கட்டுமானத்துக்குள் வராதாம். மூன்றாவது, கேட்டதில் பாதிக்கும் குறைவாகத் தந்தது. இரண்டு இயந்திரங்கள் வந்தன. ஆறு மாதத்தில் உவர் நீரால் ஒன்று நின்றுவிட்டது. திருத்துவதற்கு என்று ஒரு தொகையை நாங்கள் போடவில்லை. இப்போது எந்தத் திட்டத்திலும் எங்கள் கணக்காளர் முதலில் தேடுவது திருத்த வேலைக்கான வரியைத்தான்.

சில நடைமுறைகளை வேகமாகச் சொல்லி விடுகிறோம். கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு கேட்கும் ஆலோசகர்கள் எங்கும் இருக்கிறார்கள். நிதி திரட்டுவோரின் ஒழுக்கக் கோவைகள் பல அதை ஏற்பதில்லை, நாங்களும் வாங்குவதில்லை. முடிவுத் திகதிக்கு மூன்று கிழமைக்குள் வந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லுகிறோம். சங்கப் பதிவு, கணக்காய்வு அறிக்கைகள், நிர்வாகசபைத் தீர்மானங்கள், காப்புறுதி, சிறுவர் பாதுகாப்புக் கொள்கை எல்லாவற்றையும் ஒரே கோவையில் அவர்களிடமே வைத்துவிட்டு வருகிறோம். விண்ணப்ப வேலையில் பாதி அந்தக் கோவைதான்.

இப்போது அங்கே பெறாமகள் எழுதுகிறாள். போன வருடம் அனுப்புவதற்கு முன் எங்களுக்குக் காட்டினாள். முதல் வரி, அந்த ஊரில் மழைக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள் என்பது. பழைய பழக்கத்தில் எங்களில் ஒருவர் அதை வெட்டப் பேனை எடுத்தார். மற்றவர் கையைப் பிடித்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு விடயம். எமது கல்லூரியின் கழிவறைத் தொகுதிக்கு நிதி கேட்டு ஒரு திட்ட வரைபு தயாராகிறது என்று அறிந்தோம். இலண்டன் கிளை ஒன்று, ரொறன்ரோ கிளை ஒன்று, நாங்கள் ஒன்று என்று மூன்று வரைபு இருக்கிறதாம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா தெரியாது. நாளை காலை ஒன்பது மணிக்குச் சங்க அறையில் இருப்போம். வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பொருளாளர் அக்கா, கடைசி இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வாருங்கோ.