வெயில் நம்ம காட்டுல, விலை யாருக்கு?

(சங்கத்தின் வட்டப் பேரவையில் செயலாளர் ஆற்றிய உரை)



கிணத்துக்குக் கரண்ட் கேட்டுப் பதிவு பண்ணிவிட்டுக் காத்திருக்கிறவங்க கை தூக்குங்க என்றேன். பாதிப் பந்தல் தூக்கியது. அரசு சொன்ன கணக்குப்படியே 2021இல் நாலரை லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். அதற்கப்புறம் ஒன்றரை லட்சம் இணைப்பு கொடுத்தார்கள். கொடுத்ததை மறுக்கவில்லை. மிச்சப் பேர் டீசல் ஊற்றித்தானே இறைக்கிறோம்?

இதே மாநிலத்தில், 2016இல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்து நின்றது. கம்பெனி வெயிலைப் பிடித்தால் கம்பியும் வருகிறது, யூனிட்டுக்கு விலையும் வருகிறது. அதே வெயில் நம்ம காட்டில் காய்ந்தால் வெறும் வெயில்!

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். நம்மளை மாதிரி டீசல் எஞ்சின்காரங்க ஆறு பேர் 2015இல் கூட்டுறவு சங்கம் வைத்து சோலார் பம்பு போட்டார்கள். ஆறு பம்பையும் ஒரே கம்பியில் கோத்து மின்வாரியத்தோடு இணைத்தார்கள். பாய்ச்சல் இல்லாத நாளில் கரண்டை விற்றார்கள். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு, 25 வருஷ ஒப்பந்தம்.

நம்ம கணக்குக்கு வருவோம். அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு அஞ்சு கிலோவாட் தகடு வேண்டும். இடம் ஒன்றேகால் சென்ட் போதும். நல்ல வெயிலுக்கு ஒரு நாளைக்கு 20 யூனிட் வரும். மழை, அறுவடை, தரிசு என்று வருஷத்தில் 150 நாள் மோட்டார் ஓடாது என்று வையுங்கள். 3,000 யூனிட். துண்டி விலைக்கு 13,890 ரூபாய். தனி சோலார் பம்பு வைத்திருக்கிறவனுக்கு இந்த 3,000 யூனிட்டும் வீண்தான். விற்க வழி இருந்தால் தண்ணியையும் அளந்து இறைப்பான், கிணறும் தாங்கும்.

எல்லாம் தேன் என்று சொல்ல நான் வரவில்லை. துண்டியில் செலவில் பெரும்பங்கை ஆராய்ச்சி நிறுவனம் போட்டது. விவசாயிகளும் 25 வருஷத்துக்கு மானிய மின் இணைப்பு கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நாம் ஏற்கக் கூடாது. மீட்டர் என்றாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்குது, நியாயம்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களே, அந்த ரத்தத்தில் வந்தது இலவச மின்சாரம். 1984இல் சிறு விவசாயிக்கு, 1990இல் எல்லோருக்கும். சோலாரைக் காட்டி அதைப் பிடுங்கப் பார்த்தால் சங்கம் சும்மா இருக்காது.

2019இல் மத்திய அரசு அறிவித்த குசும் திட்டத்தில் பம்புக்கு மத்திய அரசு 30, மாநிலம் 30 சதவீதம் என்றார்கள். மீதி 40 சதவீதத்துக்கு ரெண்டு ஏக்கர்காரன் எங்கே போவான்? வட்டிக்கடைக்குத்தான். அதனால் நாம் கேட்பது: மீதிப் பணத்துக்குக் கூட்டுறவு சங்கத்தில் வட்டியில்லாக் கடன் கொடு. சோலார் வைத்தவன் பதிவு மூப்பை அழிக்காதே. வெளியே போகிற யூனிட்டை எண்ணத்தான் மீட்டர், உள்ளே வருவதை எண்ண அல்ல. விற்கிற கரண்டுக்கு விலையை எழுத்தில் கொடு, பணத்தை மாசாமாசம் கணக்கில் போடு. அஞ்சாறு கிணத்துக்காரங்க சேர்ந்தால் ஒரே இணைப்பாக ஏற்றுக்கொள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கிறோம். மின் இணைப்புப் பதிவு ரசீது, சிட்டா, அடங்கல் நகல் மூன்றையும் எடுத்து வாருங்கள். ரசீதைத் தொலைத்தவங்க பதிவு பண்ணின வருஷத்தையாவது எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்க. பொம்பளைங்க பேரில் பட்டா இருந்தால் அவங்களே வரணும், வீட்டுக்காரர் கையெழுத்து செல்லாது.