எந்தக் கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்கிறது?

இன்னைக்கு எபிசோடு ரெண்டு பீஜ் கலரைப் பற்றி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

அப்பா போனதுக்கு அப்புறம் மதுரையில் தனியா இருந்த அம்மா, சென்னைக்கு எங்களோட வந்துடறேன்னு ஒருவழியா சம்மதிச்சாங்க. அவங்க ரூமுக்கு ரெண்டு பீஜ் எடுத்து வைத்தேன். மானிட்டரில் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்ணே, எதையாவது அடிங்க"ன்னு பெயிண்டர் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.

அவர் விடலை. சுவரில் ரெண்டையும் ஒரு சதுர அடிக்கு ரெண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு பார்க்கச் சொன்னார். காலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று லேசான ரோஸ், இன்னொன்று பச்சை கலந்த மஞ்சள்! ராத்திரி 3000 கெல்வின் எல்.ஈ.டி. போட்டதும் மறுபடி ரெண்டும் ஒண்ணு. இதுக்குப் பேரு மெட்டாமெரிசம். கலந்திருக்கும் நிறமிகள் வேற வேற என்றால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற ரெண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

அம்மா வந்து பார்த்தாங்க. போன மாசம்தான் வலது கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆச்சு. ஒரு கண்ணை மூடினாங்க, அப்புறம் மற்றதை.

"தம்பி, இந்தக் கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கு. அந்தக் கண்ணுக்கு எல்லாமே பழுப்பா இருக்குடா."

வயசாக ஆக நம் கண் லென்ஸ் மஞ்சளாகி, நீல ஒளியை வடிகட்டிவிடும். மெதுவா நடப்பதால் நமக்கே தெரியாது. ஆபரேஷனில் அதை எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறாங்க. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசலை.

"அப்போ அப்பாவோட வேட்டி எல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சா? வெளுக்கலை வெளுக்கலைன்னு சோப்பை மாத்திக்கிட்டே இருந்தேனே."

என்கிட்ட பதில் இல்லை.

அடுத்த மாசம் இடது கண்ணுக்கும் ஆபரேஷன். அதனால வலது கண் சொன்னதையே எடுத்துக்கிட்டோம். "உனக்குப் பிடிச்சதே போதும்"னு எப்பவும் சொல்ற அம்மா, இந்த முறை அவங்களே ரோஸ் பக்கம் கை காட்டினாங்க.

நீங்களும் கார்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சுவரில் அடிச்சு, காலையிலும் ராத்திரியிலும் பாருங்க. முக்கியமா, அந்த ரூமில் இருக்கப் போறவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.